கப்பல் செலவும் கொயினா மருந்தும்

ஜெர்மனியில் வேலை உறுதியானதும் எனக்கு இரண்டு கோப்புகள் வந்தன. முதலாவது சாமான் பட்டியல். பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, மதிப்பு என்று கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்தவர், 6 மாதமாவது தான் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களைக் கொண்டுபோனால் சுங்க வரி இல்லை. புதிதாக வாங்கியதற்கு வரி. அதனால் என் பழைய ரைஸ் குக்கருக்குக்கூட வயது எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது கோப்பு மருத்துவக் காப்புறுதி. அதில் கணவன் அல்லது மனைவிக்கு ஒரு வரி, பிள்ளைகளுக்குச் சில வரிகள்.

நான் லேப்டாப்பில் நிரப்பிக்கொண்டிருந்ததை அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பேரு எங்க வரும்?"

"வராதும்மா. பொண்டாட்டி, புள்ளைங்க மட்டும்தான். அப்பா அம்மாவுக்கு எடம் இல்ல."

"பரவால்ல. எனக்குத்தான் ஒரு வெள்ளி கிளினிக் இருக்கே" என்றார்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டு மாத்திரை வாங்கி வருவார். வாக்கியம் சாதாரணமானதுதான், ஆனாலும் அதற்குப் பிறகு எனக்குக் கோப்பை நிரப்பும் வேகம் போய்விட்டது. அப்போது அப்பா நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்: "எங்க தாத்தா வந்தப்ப இதெல்லாம் யாரு எழுதுனா? கப்பல் காசு யாரு கட்டுனா? சீக்கு வந்தா யாரு பாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டிலேயே படித்து, இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன் நான். ரப்பர்த் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியர்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது நினைவிருக்கிறது. கொண்டுவரப்பட்டார்கள் என்ற சொல்லுக்குள் ஒரு செலவுக் கணக்கு இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. அப்பாவின் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் போகும் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்புறுதியை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியதில் ஜெர்மனி முன்னோடி. பிஸ்மார்க் காலத்தில், 1883 ஜூனில் அந்தச் சட்டம் நிறைவேறியது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. பிஸ்மார்க்கின் கருணை என்று இதைப் படிக்க முடியாது. ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். தொழிலாளிகளை அந்தக் கட்சியிடமிருந்து அரசின் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டமும் எல்லாரையும் சேர்க்கவில்லை. ஆலைத் தொழிலாளி உள்ளே, வயலில் வேலை செய்யும் கூலி வெளியே. விவசாயத் தொழிலாளர்களைக் கட்டாயக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது 1911ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? அப்பா வளர்ந்த நிபோங் திபால் பக்கம் அப்போது ரப்பர் கிடையாது, கரும்பு. மாகாண வெல்லெஸ்லி என்று அழைக்கப்பட்ட இன்றைய செபராங் பிறையில் வெள்ளைக்காரத் துரைமார்களின் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆள்கள் ஒப்பந்தக் கூலிகளாக நாகப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். கப்பல் செலவை முதலில் முதலாளி கட்டுவார், பிறகு அது கூலியில் கழியும். அதாவது வந்து இறங்கும்போதே கடனாளி. நோயில் படுத்தால் கூலி இல்லை, கடன் மட்டும் அப்படியே இருக்கும். 1884இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியக் குடியேற்றச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, இந்த ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. பெர்லினில் ஒரு சட்டம், பினாங்கில் ஒரு சட்டம், இடையில் ஒரே ஒரு வருடம். இரண்டுமே உழைக்கிறவனின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வந்து நின்றவைதான். அங்கே தொழிலாளியின் பெயரில் சந்தா, இங்கே தொழிலாளியின் பெயரில் கடன்.

கடன் எப்போது போனது என்று தேடியபோதுதான் 1907ஆம் ஆண்டு வந்தது. பொறியியல்காரனான எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது, ஆள் பற்றாக்குறை. ஒரு தோட்டம் காசு செலவழித்துக் கங்காணியை ஊருக்கு அனுப்பி ஆள் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் எந்தச் செலவும் செய்யாமல், கொஞ்சம் கூடுதல் கூலி காட்டி அந்த ஆளை இழுத்துக்கொள்ளும். இப்படியே போனால் யாரும் ஆள் கொண்டுவரச் செலவு செய்ய மாட்டார்கள். இதற்குத் தீர்வாக வந்ததுதான் தமிழர் குடிநுழைவு நிதி. ஆள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், தென்னிந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அவர்கள் வேலை செய்த நாள் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டும். அந்தப் பொதுப் பணத்திலிருந்து கப்பல் டிக்கெட், முகாம் செலவு, கொண்டுவரும் செலவு எல்லாம் போகும். பின்னால் இதன் பெயர் இந்தியர் குடிநுழைவு நிதி என்று மாறியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் நிறுத்தப்பட்டது.

ஆக, அப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் இது. அவருடைய தாத்தா 1920களில் கங்காணி ஒருவரோடு வந்தவர். அவர் கப்பல் காசு கட்டவில்லை, கடனும் படவில்லை. அவரை ஒருபோதும் பார்த்திராத நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சேர்ந்து கட்டின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிதியை நிர்வகித்த குழுவில் இருந்தவர்கள் அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளின் பிரதிநிதிகளும். அவர்கள் தீர்க்க நினைத்த பிரச்சினை ஆள் பற்றாக்குறை. தாத்தா கடனில்லாமல் வந்தது அதன் பக்க விளைவு.

அவர் வந்த பாதையையும் ஓரளவு சொல்ல முடியும். ஊரிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆள்கள் முதலில் முகாமில் தங்க வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் ஒன்று, நாகப்பட்டினத்தில் ஒன்று. அங்கே வைத்தியர் பார்ப்பார், அம்மைப்பால் குத்துவார்கள், காலரா இருக்கிறதா என்று சில நாள் கவனிப்பார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று தோன்றியவர்கள் அங்கேயே கழித்துவிடப்பட்டார்கள். பிறகு கப்பல். பினாங்கில் இறங்குபவர்களைப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்று பினாங்கு இரண்டாம் பாலத்தில் போகும்போது அந்தத் தீவு நன்றாகவே தெரியும். வேலைக்குப் போகும் வழியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சிறைச்சாலை இருந்த தீவு என்று மட்டும்தான் தெரியும்.

கப்பல் என்றால் ரஜூலா. மலேசியத் தமிழர் வீடுகளில் எல்லாருடைய தாத்தாவும் ரஜூலாவில்தான் வந்தார், ஆண்டுக் கணக்கு ஒத்துவராவிட்டாலும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை, நடுவே போர்க்காலம் தவிர, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடிய கப்பல் அது. ஆரம்பத்தில் 5,000க்கும் அதிகமான மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. மேல்தளப் பயணிக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவன் இடம், அதைச் சுற்றி வைத்ததுதான் அவன் வீட்டுச் சாமான். எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஒரு தகரப்பெட்டி, பச்சைப் பெயிண்ட் உதிர்ந்தது. என் ஏஜெண்ட் எனக்கு ஒதுக்கியது மூன்று கன மீட்டர். பெட்டியை அளந்து பார்த்தேன். அப்படி இருபது பெட்டிக்கு மேல் அதில் அடங்கும்.

இரண்டாவது கேள்வி, சீக்கு வந்தால் யார் பார்த்தது. இதற்குப் பதில் காலத்துக்குக் காலம் மாறுகிறது. ரப்பர் போடக் காட்டை அழித்தபோது மலேரியா கிளம்பியது. தோட்டக் கணக்கில் அது ஆள் இழப்பு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவில் தள்ளாடியது. கிள்ளானில் அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன், காட்டை வெட்டி, சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து அதைக் கட்டுப்படுத்தினார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் பிறகு தோட்டங்களிலும் அதையே செய்யச் சொன்னார். ஆனால் கால்வாய் வெட்டுவது செலவு. கொயினா கொடுப்பது சுலபம். காலையில் பெரட்டில் ஆள் எண்ணும்போதே வரிசையாக நிற்கவைத்துக் கொயினா கொடுத்த தோட்டங்கள் உண்டு. அப்பாவுக்கு அவர் தாத்தா சொன்ன ஒரே மருத்துவ ஞாபகம் அதுதான்: "கசப்பு தாங்காம கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து அந்தாண்ட போயி துப்பிடுவாங்களாம். கிராணி வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பாராம்."

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பல விஷயங்களை முதலாளியின் தலையில் வைத்தது. மருத்துவமனை கட்டி, மருந்தும் ஆளும் வைத்துத் தன் செலவில் நடத்தும்படி தோட்டத்துக்கு உத்தரவிட முடியும். பிள்ளைப்பேற்றுக்கு உதவித்தொகை, பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து ஒரே ஆஸ்பத்திரி நடத்துவதும் உண்டு. இதற்குப் பின்னால் இந்திய அரசாங்கத்தின் அழுத்தம் இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, நிபந்தனைகள் சரியில்லை என்றால் ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரம் அங்கே இருந்தது. கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை அப்பா பார்த்திருக்கிறார். பிறந்ததே அங்கேதான். வெள்ளைச் சட்டை போட்ட டிரஸ்ஸர், கண்ணாடி ஜாடியில் சிவப்பு மிக்சர், காயத்துக்கு மஞ்சள் மருந்து. பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். காசு கேட்க மாட்டார்கள். "நோவு இல்லன்னு டிரஸ்ஸர் எழுதிட்டா அன்னிக்கு வேலைக்குப் போயே ஆகணும்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. வைத்தியம் பார்ப்பவரும் வருகைப் பதிவை முடிவு செய்பவரும் ஒரே ஆள். சம்பளமும் வீடும் மருந்தும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கை எடுத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்தே போகும்.

எடுத்துக்கொண்டும் இருக்கிறது. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டாமல் போனது. ஆயிரமாயிரமாக மக்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிய கப்பல் செலவைக் கட்டியதும் அதே நிதிதான். ஆள் கொண்டுவர ஏற்பட்ட ஏற்பாடு, ஆளைக் கழிக்கவும் பயன்பட்டது. வேலை செய்ய முடியாமல் போனவர்களையும் அதே பணத்தில்தான் ஊருக்கு அனுப்பினார்கள். 1938இல் கூலிக் குறைப்பை ஏற்காத இந்திய அரசு, உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே தடை செய்தது. கங்காணி முறை அதோடு முடிந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இதே கதை வேறு உருவில் திரும்பியது. துண்டாடல் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். ஆயிரம் ஏக்கருக்கு ஓர் ஆஸ்பத்திரி நடக்கும். ஐம்பது ஏக்கர் வாங்கியவர் எதற்கு ஆஸ்பத்திரி நடத்தப்போகிறார்? அதன் பிறகு 1969. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு காலமெல்லாம் பால் மரம் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். என் பாட்டியின் அண்ணன் குடும்பமும் அதில் போனது. தையல் மிஷினை மட்டும் பிரித்துச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள் என்று பாட்டி சொல்வார். என் பட்டியலில் இருப்பது போல 'வாங்கிய ஆண்டு' கட்டம் இருந்திருந்தால் அந்த மிஷின்தான் முதல் வரியில் இருந்திருக்கும்.

நிதி என்னவானது? 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, இங்கேயே இருக்கும் தொழிலாளர்களின் நலனுக்கானது ஆனது. 1999இல் சட்டம் போட்டுக் கலைத்து, சொத்துகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நான் அப்போது மழலைப் பள்ளிக்குக்கூடப் போகாத வயது. இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு காப்புறுதிப் படிவத்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கோப்புக்குத் திரும்பினேன். ஜெர்மனியில் இப்போது சம்பளத்தில் 14.6 சதவீதமும் அதற்கு மேல் ஒரு சிறு கூடுதல் விகிதமும் பொது மருத்துவக் காப்புறுதிக்குப் போகிறது. பாதி நான், பாதி முதலாளி. வேலை போய் வேலையில்லா உதவித்தொகை வாங்கினாலும் காப்புறுதி தொடரும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மருந்து முதலாளியின் கையில் இல்லை. ஆனால் என் விசா வேலையோடு கட்டியது. வேலை போனால் சில மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு நானும் பழைய கணக்குக்குள்தான் இருக்கிறேன்.

என்னைவிட நெருக்கமாக அந்தக் கணக்கில் இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். பாயான் லெப்பாசில் நான் வேலை செய்த ஆலையில் பாதி ஆபரேட்டர்கள் நேப்பாளிகள். அந்நியத் தொழிலாளர்களுக்கு வேலையிட விபத்துக் காப்பு பெர்கேசோ வழியாகக் கிடைக்கத் தொடங்கியது 2019 ஜனவரியில்தான். என் லைனில் நாலு வருடம் வேலை செய்த ஒருவருக்கு, பெர்மிட் புதுப்பிக்கும் மருத்துவப் பரிசோதனையில் நுரையீரலில் ஏதோ தெரிந்தது என்றார்கள். இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார். டிக்கெட் செலவு கம்பெனியுடையது. ஹாஸ்டலில் அவர் விட்டுப்போன ரைஸ் குக்கரை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், ஷிப்ட் அட்டவணையில் அவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டேன். ஆவடி முகாமைப் பற்றிப் படித்தபோது அந்த அட்டவணை ஞாபகத்துக்கு வந்தது.

அம்மாவுக்காகத் தனியார் மெடிக்கல் கார்டு எடுக்கப் பார்த்தேன். இனிப்புநீர் என்றதும் இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொள்வோம், இனிப்புநீர் சம்பந்தப்பட்டது எதற்கும் பணம் வராது என்றார்கள். வேறு எதற்காக நான் எடுக்கப்போகிறேன்?

கடைசியில் நானும் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அக்காவும் சேர்ந்து வங்கியில் ஒரு கணக்குத் திறந்தோம். மாதாமாதம் இரண்டு பேரும் ஒரு தொகை போட வேண்டும், மருத்துவத்துக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். கிளினிக்கால் முடியாத செலவு வந்தால் அதிலிருந்து. நான் ஐந்து பங்கு, அக்கா இரண்டு பங்கு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப்போவது அக்காதான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் பழைய நிதியைப் பற்றிச் சொன்னேன். தாத்தாவுக்குக் கப்பல் காசு கட்டியது யார் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப தாத்தா கடன்காரனா வரல."

"இல்லப்பா."

"அத அவருகிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாங்களா? கங்காணிக்குக் கடன்பட்டிருக்கோம்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

சாமான் பட்டியலில் தகரப்பெட்டியைச் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அதில் அம்மாவின் கிளினிக் புத்தகமும், வங்கிக் கணக்குப் புத்தகமும், அக்கா வீட்டுச் சாவி ஒன்றும் இருக்கின்றன. அந்தக் கணக்குக்கு அப்பா வைத்த பெயர் இமிகிரேஷன் ஃபண்ட்.